கால் நீட்டும் திசை

தாழைவாசலில் நல்ல காற்றெல்லாம் தரைக்கு இறங்கிவிட்ட வருஷம், ஊரில் முதலில் மூண்ட சண்டை யாரைப் பார்த்து யார் கால் நீட்டுவது என்பதைப் பற்றித்தான். மூச்சைப் பற்றிச் சண்டை போட யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாது. அந்த ஊர் அப்படி.

கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில், கிழக்கே மணல்மேடும் மேற்கே சேறுமாகச் சரிந்து கிடக்கிற ஊர் அது. ஆடியில் ஆளைத் தள்ளுகிற காற்று ஐப்பசி மழையோடு ஓய்ந்துபோகும். கார்த்திகை பிறந்தால் கடலே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி ஒரு இலை அசையாது. அப்போது மீன்மாவு ஆலையின் புகையும், சுடுகாட்டுக்குப் பக்கத்தில் ஊர்க் குப்பையைக் கொட்டிக் கொளுத்துகிற புகையும், கொசுவுக்கென்று வீட்டுக்கு வீடு வாசலில் பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் போட்டு எரிக்கிற புகையும் பனியோடு பிசைந்துகொண்டு, மேலே போக வழி தெரியாமல் தெருவிலேயே தொங்கும். மாசியில் காற்று திரும்பும்வரை ஊரே இருமும். இருமிக்கொண்டே கொளுத்தும். "பனி ஒத்துக்கல" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு டயரைத் தூக்கிப் போடும்.

அந்த வருஷம் திருக்கார்த்திகைக்குப் பெருமாள் கோயில் முன்னால் எப்போதையும்விடப் பெரிய சொக்கப்பனை கொளுத்தினார்கள். மறுநாள் விடிந்ததும் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்த தில்லைநாயகி, பால்காரர் கேனை முதுகில் கட்டிக்கொண்டு தவழ்ந்து வருவதைப் பார்த்தாள்.

"என்னய்யா இது, விடியறதுக்கு முன்னாடியே ஊத்திக்கிட்டியா?"

"நின்னா மூச்சு வரலம்மா. குனிஞ்சா வருது. பாத்திரத்தைக் கீழ வைங்க."

அவளுக்கும் அதற்குள் நெஞ்சு அடைத்துவிட்டது. முழங்காலில் விழுந்தாள். முழங்கால் உயரத்துக்குக் கீழே, ஈர மணல் வாசனையோடு, குளிர்ந்த, சுத்தமான காற்று, குளத்துத் தண்ணீர் மாதிரி தளும்பாமல் நின்றுகொண்டிருந்தது. அதற்கு மேலே ஒன்றும் இல்லை, வெறும் மஞ்சள். தில்லைநாயகி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே தவழ்ந்துபோய், புருஷன் கலியமூர்த்தியை எழுப்பி, முதலில் பால் தண்ணியாக இருக்கிறது என்றுதான் சொன்னாள். காற்று விஷயத்தை அதற்குப் பிறகு சொன்னாள்.

முதல் நாள் ஊர் தவழ்ந்தது. இரண்டாம் நாள் அதற்குப் பழகிவிட்டது. மாடி கட்டினோம் மாடி கட்டினோம் என்று பீற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கீழே இறங்கி, கார் நிறுத்துகிற இடத்தில் பாய் விரித்தார்கள். கேஸ் அடுப்புகள் தரைக்கு வந்தன. பேங்கில் மேனேஜர் மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அவர் மேஜைக்கு அடியில் படுத்திருக்கிறார் என்றால் பெரிய ஆள், மற்றவர்கள் வெறும் தரையில் என்றால் சின்ன ஆள் என்று அங்கேயும் ஒரு கணக்கு உண்டாயிற்று. டவுன் பஸ்ஸில் சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டு, ஜனங்கள் கருவாடு அடுக்கின மாதிரி தரையில் கிடக்க, கண்டக்டர் அவர்கள் மேலேயே ஊர்ந்து டிக்கெட் கொடுத்தார். வேட்டி கட்டினவர்கள் எல்லாம் மகன்களின் பேண்டுக்கு மாறினார்கள். பெருமாள் கோயில் பட்டர், நம் பெருமாள் ஆதியிலிருந்தே படுத்திருப்பவர், ஊர் இப்போதுதான் அவர் வழிக்கு வந்திருக்கிறது என்றார். அதைக் கேட்டு ஊருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எதைக் கொடுத்தாலும் அதில் ஒரு பெருமையைத் தேடி எடுத்துக்கொள்ளத் தெரிந்த ஊர்.

காற்று மட்டும் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தது. முழங்கால் முழமாயிற்று, முழம் சாணாயிற்று. தவழ்ந்தவர்கள் படுக்க வேண்டியதாயிற்று. படுத்த பிறகுதான் கால் என்று ஒன்று இருப்பது ஊருக்கு உறைத்தது.

நின்றால், உட்கார்ந்தால், காலை மடக்கி அடக்கிவைக்கலாம். படுத்தால் அது நீளும். நீண்டால் யாரையாவது பார்த்துத்தான் நீளும். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரின் பாதம் ரேஷன் கடை வரிசையில் தர்மகர்த்தா வரதராசுவின் மூக்குக்கு நேரே நீண்டது. "யாரைப் பார்த்துய்யா காலை நீட்டுற?" என்று வரதராசு கேட்க, "நான் எங்க நீட்டினேன், அது நீண்டிருக்கு" என்று அவர் சொல்ல, படுத்த வாக்கிலேயே இருவரும் அடித்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பிகள் பிரிந்தார்கள். ஒரு கல்யாணம் நின்றது. கடைசியில் கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம் படுத்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையன், காலேஜ் முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருப்பவன், "கொஞ்ச நாளைக்குக் கொளுத்துறத நிறுத்திப் பார்த்தா என்ன?" என்று கேட்டான். ஒரு ஏளனச் சிரிப்பு மண்டபத் தரையில் ஓடி அடங்கியது.

"குப்பையைக் கொளுத்தாம உங்க வீட்டு நடுக்கூடத்துலயா கொட்டுறது?" என்றார் வரதராசு. "அனல் பட்டாத்தான் காத்து மேல எழும்பும். இன்னும் கொஞ்சம் நல்லாவே கொளுத்தணும். அதை விடு, கால் விஷயத்துக்கு வா."

கால் விஷயத்துக்கு வந்தார்கள். கிழக்கே நீட்ட முடியாது, அங்கே பெருமாள். தெற்கே நீட்டினால் தலை வடக்கே போகும், அது ஆகாது. வடக்கே நீட்டினால் அங்கே வரதராசுவின் சம்பந்தி வீடு. மிச்சம் மேற்கு. மேற்கே, தெரு சரிந்து முடிகிற இடத்தில், கழி ஓரத்துச் சேற்றில் கழிக்கரைக் குடிசைகள் இருக்கின்றன. "அங்க யாரு இருக்கா?" என்றார் வரதராசு. யாரும் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஊர் முழுக்க கிழக்கே தலை, மேற்கே கால் என்று முடிவாயிற்று. கோயிலுக்கு அடுத்த வீட்டுக்காரரின் பாதத்துக்குக் கீழே அடுத்தவர் தலை, அவர் பாதத்துக்குக் கீழே அதற்கடுத்தவர் தலை என்று மேட்டுத்தெரு நீளத்துக்கு ஒரு சங்கிலி. தன் தலைக்கு மேலே யார் கால் இருக்கிறது என்பதை மறந்துவிட்டு, தன் காலுக்குக் கீழே ஒரு தலை இருக்கிறது என்பதை நினைத்து எல்லாரும் ஆறுதல் அடைந்தார்கள். தெருவின் கடைசி வீட்டுக்காரருக்கும் கழிக்கரை இருந்தது.

தில்லைநாயகி படுத்தபடியே கையை உயர்த்திச் சம்மதம் சொன்னாள். அவள் ஒரே மகள் மங்கையர்க்கரசி கழிக்கரையில்தான் இருந்தாள். ஐஸ் கம்பெனியில் பாளம் உடைக்கிற தேசிங்கைக் கட்டிக்கொண்டு போனவள். போன அன்றைக்கே அவளைத் தலைமுழுகியாயிற்று. பிள்ளை பிறந்தபோதும் போகவில்லை. அதுவும் பெண்ணாம், யாரோ சொன்னார்கள். இப்போது கால் அந்தப் பக்கம் நீண்டால் நீளட்டும், நன்றாகவே நீளட்டும் என்று தில்லைநாயகி கட்டை விரலை வேறு நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

ஆனால் வீட்டில் கலியமூர்த்திக்கு இளைப்பு இருந்தது. இரும்புக்கடைத் துருவிலேயே முப்பது வருஷம் இருந்த நெஞ்சு. மற்ற வருஷங்களில் பனிக்காலம் முழுக்கத் தலையணைகளை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்து ஓட்டிவிடுவார். படுத்தால் அவருக்கு இழுக்கும். இந்த வருஷம் உட்கார்ந்தால் காற்று இல்லை, படுத்தால் மூச்சு இல்லை. அவள் விசிறியால் தரைக் காற்றை வழித்து வழித்து அவர் முகத்தில் போட்டாள். கதவு இடுக்கில் துணி அடைத்து, இருக்கிற காற்று தெருவுக்கு ஓடாமல் பார்த்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு வேதவல்லி அதைப் பார்த்துவிட்டு, "நீங்க அடைச்சதுல எங்க பக்கம் கொறையுது தில்லைக்கா" என்று சுவரோரம் வாயை வைத்துக் கத்தினாள். டாக்டர் ஊர்ந்து வந்தார். அவருடைய கால் மேற்கே இருக்கும்படி படுப்பதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு, உயரமான இடத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஊர்ந்து போனார். இதைச் சொல்ல ஒரு டாக்டர்.

மார்கழி பாதியில் சாண் உயரமும் போய், நாலு விரல் உயரத்துக்கு வந்துவிட்டது. கன்னத்தைத் தரையில் ஒட்டவைத்துத்தான் மூச்சு. ஒரு காலையில் பால்காரர் வாசல்படிக்கு வெளியிலிருந்தே சொன்னார். "கழிக்கரையில எல்லாரும் நடந்துக்கிட்டுத்தான் இருக்காங்கம்மா."

"தவழ்ந்தா?"

"நின்னுக்கிட்டு. கொடத்தைத் தலையில வெச்சுக்கிட்டு. அங்க காத்து தலைக்கு மேல நிக்குது. பள்ளம் இல்ல, மழைத்தண்ணி போற மாதிரி எல்லாம் அங்க போய்ச் சேந்துடுச்சு."

அது நியாயமாகத்தான் இருந்தது. ஐப்பசி மழையில் ஊர்ச் சாக்கடையெல்லாம் எங்கே போய்ச் சேருமோ அங்கேதான் இப்போது ஊர்க் காற்றும் போய்ச் சேர்ந்திருந்தது. கழிக்கரைக்காரர்கள் ஒன்றும் மகான்கள் இல்லை. அவர்களும் கொளுத்தியிருப்பார்கள், அந்தச் சேற்றில் எதுவும் பற்றாது, அவ்வளவுதான்.

செய்தி மேட்டுத்தெருவின் தரையோடு தரையாகப் பரவியது. மூச்சு முட்டிக்கொண்டிருக்கிற ஜனம் எழுந்தோ விழுந்தோ அங்கே ஓடும் என்றுதானே யாரும் நினைப்பார்கள். ஊர் கோபித்துக்கொண்டது. நாம் எல்லாரும் படுத்திருக்கும்போது அவர்கள் எப்படி நிற்கலாம்? நாம் கால் நீட்டியிருக்கிற பக்கத்தில் அவர்கள் தலை நிமிர்ந்திருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? மறுபடியும் மண்டபம். மறுபடியும் வரதராசு. ஊர் எழுந்திருக்கும்வரை கழிக்கரையும் மரியாதையாகப் படுத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, பால்காரர் வாயிலேயே சொல்லி அனுப்பினார்கள். பதிலும் அவர் வாயிலேயே வந்தது. சொன்னவள் தேசிங்கின் தாய் பூங்காவனம்.

"நாங்க படுத்துட்டா மீனை யாரு அலசுறதுன்னு கேட்டுச்சு. அப்புறம் இன்னொண்ணும் சொல்லுச்சு, அதை நான் சொல்லல."

அன்று மத்தியானம் கலியமூர்த்தியின் உதடு நீலமாயிற்று. தில்லைநாயகி கூப்பிட்டதற்குக் கண்ணை மட்டும் திறந்தார். விசிறியால் வழிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் கொஞ்ச நேரம் தன் தலைவிதியைத் திட்டினாள். மருமகனைத் திட்டினாள், வரதராசுவைத் திட்டினாள், நாலு விரல் காற்றில் எவ்வளவு திட்ட முடியுமோ அவ்வளவும் திட்டினாள். பிறகு ஜமுக்காளத்தை விரித்து அவரை அதில் உருட்டிவிட்டு, முனையை முந்தானையோடு சேர்த்து இடுப்பில் முடிந்துகொண்டு, வாசலுக்கு ஊர்ந்தாள்.

தெருவில் இறங்கியதும்தான் அது அவளுக்குப் புரிந்தது. மேற்கே போக வேண்டுமென்றால் மேற்கே தலை வைத்துத்தான் ஊர முடியும். மேற்கே தலை என்றால் கால் கிழக்கே. கிழக்கே வரதராசு வீடு, அதற்குப் பின்னால் கோபுரம். பின்பக்கமாக ஊர்ந்து பார்த்தாள். ஜமுக்காளம் சுற்றிக்கொண்டதே தவிர ஒரு அடி நகரவில்லை. அப்புறம் அவள் திரும்பினாள். ஊருக்கே உள்ளங்காலைக் காட்டிக்கொண்டு சரிவில் இறங்கினாள்.

"தில்லைக்கா, கால்," என்றாள் வேதவல்லி.

"தெரியும்."

"கோயில் பக்கம் இருக்கு."

"எனக்கு இருக்கறது ரெண்டு கால்தான்டி. கழட்டி வெச்சிட்டா போகட்டும்?"

வாசலுக்கு வாசல் தரையோடு ஒட்டிய முகங்கள் திரும்பின. யாரும் ஜமுக்காளத்தில் நீலம் பாரித்துக் கிடக்கிற மனுஷனைப் பார்க்கவில்லை. அவளுடைய உள்ளங்காலையே பார்த்தார்கள். பித்த வெடிப்போடு, மண் ஒட்டி, அது ஒவ்வொரு முகத்துக்கும் நேராக வந்து வந்து போனது. "திமிரு." "மக புத்தி எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பத் தெரியுதா?" என்று அவளுக்குப் பின்னால் தெரு முழுக்கப் பேச்சு ஊர்ந்தது. வரதராசு உரக்கச் சொன்னார், "இந்தக் காலோட இந்தத் தெருவுக்குள்ள திரும்பி வர முடியாது, சொல்லிட்டேன்." அவளுக்கு வேர்த்தது. இத்தனை வருஷம் இந்த முகங்களுக்குப் பயந்துதானா என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் அதையும் திட்டினாள்.

தெரு முடிந்து சரிவு தொடங்கியதும் நாலு விரல் சாணாயிற்று. சாண் முழமாயிற்று. ஈச்சம்புதரைத் தாண்டினபோது காற்று இடுப்பளவு இருந்தது, நாற்றமும் இருந்தது, கருவாடும் கழிச்சேறுமாக. தில்லைநாயகி அதை நம்பவில்லை. நம்பாமல் ஊர்ந்துகொண்டே இருந்தாள். சேற்றில் முழங்கை புதையப் புதைய ஊர்ந்து, கடைசியில் ஒரு ஜோடி பாதங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தாள். செதில் ஒட்டிய பாதங்கள்.

"எந்திரிங்க சம்பந்தி," என்றாள் பூங்காவனம். "இங்க எதுக்குத் தவழுறீங்க? காத்து எம்மாம் இருக்குது பாருங்க."

தில்லைநாயகி எழுந்தாள். கார்த்திகைக்குப் பிறகு முதல் தடவையாக நின்றாள். தலை சுற்றியது. குடிசை வாசலில் மங்கை இடுப்பில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. ஜமுக்காளத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, அப்பாவத் தூக்குங்க," என்றாள் உள்ளே பார்த்து.

தேசிங்கு வந்து, ஐஸ் பாளத்தைத் தூக்குகிற மாதிரி அவரை அலுங்காமல் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தான். கலியமூர்த்தி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் மூச்சை இழுத்தார். அது உள்ளே போயிற்று. போகும் என்று எதிர்பார்க்காதவர் மாதிரி இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். நீலம் மெல்லக் கரைந்தது. வெகு நேரம் கழித்து, "டீ இருக்கா?" என்று கேட்டார்.

"இந்த ஆளுக்கு எங்க போனாலும் டீ," என்றாள் தில்லைநாயகி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மங்கை டீயை அப்பாவுக்குக் கொடுத்தாள். இன்னொரு டம்ளரை அம்மாவுக்குப் பக்கத்தில், தரையில் வைத்தாள்.

"உன் கால் இத்தனை நாளா எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"மேக்கே. எல்லாருக்கும் மேக்கேதான்."

"மேக்கேன்னா யாரு?"

தில்லைநாயகி டம்ளரை எடுத்தாள். சர்க்கரை அதிகம் என்று நாக்கு வரை வந்ததை டீயோடு விழுங்கிக்கொண்டாள். "நீதான்," என்றாள்.

குழந்தை மங்கையின் இடுப்பிலிருந்து இறங்கி, பாட்டியின் வெடித்த உள்ளங்காலில் ஒட்டியிருந்த மணலைப் பிய்க்க ஆரம்பித்தது.

அதற்கப்புறம் மேட்டுத்தெரு ஒவ்வொரு வீடாக இறங்கி வந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. திருட்டுத்தனமாக, பின்கொல்லை வழியாக, யாரும் யாரையும் பார்க்காத மாதிரி வந்தார்கள். வரதராசுவைப் பல்லக்கில் கட்டி இழுத்து வந்தார்கள், கால் மேற்கே இருக்கும்படி. வந்தவர்கள் நின்றார்கள். நின்றதும் நாற்காலி கேட்டார்கள். நாற்காலி வந்ததும், இந்தச் சேற்றில் மனுஷன் இருப்பானா என்று மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பொழுது சாய்ந்து கொசு வந்ததும், பழக்க தோஷத்தில், வரதராசுவின் ஆட்கள் ஒரு டயரைக் கொண்டுவந்து மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். பூங்காவனம் மீன் அலசின தண்ணீரை அண்டாவோடு அதன் மேல் கவிழ்த்தாள். பாதி வரதராசுவின் மேலும் விழுந்தது. "நின்னு மூச்சு விடணும்னா வுடுங்க. இல்லன்னா மேட்டுல போய்ப் படுங்க," என்றாள். அவர்கள் சகித்துக்கொண்டார்கள். மூச்சுக்காக எதையும் சகித்துக்கொள்வார்கள், மூச்சு இருக்கிறவரைதான் சகிக்க மாட்டார்கள்.

மாசி பிறந்ததும் காற்று திரும்பியது. ஒரு காலையில் தென்னை மட்டைகள் சலசலத்தன, மேட்டிலும் மஞ்சள் கலைந்தது, ஊர் எழுந்து வீட்டுக்குப் போயிற்று. சொல்லிக்கொண்டு போனவர்கள் ஒருவரும் இல்லை. வாரம் திரும்புவதற்குள் அது வெறும் பனி என்று ஆகிவிட்டது. அந்த வருஷம் கொஞ்சம் பனி ஜாஸ்தி. ஆலைப் புகை எழும்பியது, சுடுகாட்டுப் பக்கம் குப்பை எரிந்தது, வாசல்களில் டயர்கள் பற்றின.

படுத்ததை மறந்துவிட்ட ஊர், தில்லைநாயகியின் காலை மட்டும் மறக்கவில்லை. அவள் வீட்டைத் திறக்கப் போனபோது மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். இப்போது எல்லாரும் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஊருக்கும் பெருமாளுக்கும் கால் காட்டினது தப்பு," என்றார் வரதராசு. "சன்னிதிக்கு நேரா ஒரு தரம் விழுந்து கும்பிட்டுட்டு வீட்டத் தொறந்துக்க. நாங்க ஒண்ணும் கொடுமைக்காரங்க இல்ல."

கலியமூர்த்தி அவளைப் பார்த்தார். சொந்த வீடு. சுவரில் அவர் கையால் அடித்த ஆணிகள். ஒரு தரம்தானே என்று அந்தப் பார்வை சொல்லியது. அவளும் விழுந்துவிடலாம் என்றுதான் குனிந்தாள். பாதி குனிந்தவள் நிமிர்ந்தாள்.

"கிழக்கே பார்த்து விழுந்தா என் கால் எந்தப் பக்கம் இருக்கும்?"

"மேக்கே," என்றார் வரதராசு, இது என்ன கேள்வி என்பதுபோல.

"மேக்கே என் மக வீடு இருக்கு."

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு புருஷனோடு சரிவில் இறங்கினாள். இந்தத் தடவை நடந்தே இறங்கினாள். கால்கள் தரையைப் பார்த்தன.

கழிக்கரைக் குடிசை வாசலில் மங்கை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தில்லைநாயகி சேறு பார்த்து, கல் பார்த்து, ஒரு இடமும் பிடிக்காமல் முணுமுணுத்து, கடைசியில் ஒரு கவிழ்த்த கூடையின் மேல் உட்கார்ந்தாள். மேலே, மேட்டுத்தெருவில், சாயங்காலப் புகை ஒவ்வொரு வாசலாக எழும்பத் தொடங்கியிருந்தது. நேர் எதிரே கோபுரமும் வரதராசுவின் மாடியும் தெரிந்தன.

"கால் வலிக்குதா?" என்றாள் மங்கை, நிமிராமல்.

"இல்லடி," என்றாள் தில்லைநாயகி. புடவையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் ஏற்றிவிட்டுக்கொண்டு, கிழக்கே பார்த்து இரண்டு காலையும் நன்றாக நீட்டி வைத்துக்கொண்டாள்.